கண்ணில் வெள்ளை எடுக்கும் வைத்தியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பில் அரச ஆஸ்பத்திரிகளிலும் தனியார் இடங்களிலும் கண் சத்திரசிகிச்சை செய்யும் வைத்தியர்களுக்கு,

வணக்கம்.

என் தம்பிக்கு ஏழு கிளினிக் கொப்பி இருக்கிறது. எல்லாவற்றையும் அம்மா ஒரு சொப்பிங் பையில் போட்டு அலுமாரியின் மேல்தட்டில், பிறப்புச் சான்றிதழ்களுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறா. ஒன்றில் வயிறு. ஒன்றில் கண். ஒன்றில் குதிகால் கட்டி. இரண்டில் மனம். கடைசி இரண்டில் மூளை. கொப்பிக்குக் கொப்பி மை வேறு, கையெழுத்து வேறு, போன கட்டடமும் வேறு. ஒரு கொப்பியைப் பார்த்தவர் மற்றதைக் கேட்கவில்லை. நாங்களும் காட்டவில்லை. கண்ணுக்குப் போகிறவன் வயிற்றுக் கொப்பியை எதற்குக் கொண்டுபோக வேண்டும்?

நான் எழுத வந்தது அந்த இரண்டாவது கொப்பியைப் பற்றி.

2002ஆம் ஆண்டு. தம்பிக்கு 12 வயது. வகுப்பில் கரும்பலகை புகை மூடினமாதிரித் தெரிகிறது என்று சொன்னான். கண்ணாடி எழுதித் தருவார்கள் என்று நினைத்துத்தான் அப்பா கூட்டிப் போனார். இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருக்கிறது, கற்றரக்ட் என்றார்கள். "அது கிழடுகளுக்கு வாறதெல்லோ டொக்டர்?" என்று அப்பா கேட்டாராம். சில பிள்ளைகளுக்கும் வரும், பயப்பட ஒன்றுமில்லை என்று பதில் வந்தது. ஒரு மாத இடைவெளியில் இரண்டு கண்ணும் வெட்டி, வில்லை வைத்தார்கள். நல்ல கை அந்த டொக்டருக்கு. 23 வருடம் கழித்தும் அந்தக் கண்ணில் ஒரு பழுதில்லை. நூல்மாதிரி இருக்கிற சங்கிலியில் எந்த வளையம் விட்டிருக்கிறது என்பதைத் தம்பி வெறுங்கண்ணால் பார்த்துச் சொல்லுவான்.

ஆகவே அந்த டொக்டரைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. அவர் கேட்காமல் விட்ட ஒரு கேள்விக்காக எழுதுகிறேன். "பிள்ளைக்கு அடிக்கடி வயித்தாலை போறதோ?"

கேட்டிருந்தால் அம்மா நிறுத்தாமல் சொல்லியிருப்பா. பிறந்த நாளிலிருந்தே அவனுக்கு வயிறு சரியில்லை. நாளைக்கு நாலு தரம், ஐந்து தரம். மெலிந்த பிள்ளை. மாதுளந்தோல் அவித்துக் கொடுத்தார்கள், கண்ணூறு கழித்தார்கள், பால்மாவை நிறுத்திப் பார்த்தார்கள். 1995 ஒக்டோபர் கடைசியில், சண்டையால் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்து போனபோது அவனுக்கு ஐந்து வயது. கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். அங்கே யாருக்குத்தான் வயிற்றாலை போகவில்லை? ஊரே ஒரு கிணற்றுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தபோது, இந்தப் பிள்ளையின் வயிறு மட்டும் வேறு காரணத்துக்காகப் போகிறது என்று யார் கண்டார்? கொழும்புக்கு வந்த பிறகும் நின்றபாடில்லை. அதற்குள் அது எங்கள் வீட்டில் ஒரு வருத்தமாகவே கணக்கில் இல்லாமல் போய்விட்டது. "அவன்ட வயிறு அப்பிடித்தான்" என்பதோடு சரி. பஸ்ஸில் ஏறுவதற்கு முன் கக்கூஸுக்குப் போய்விட்டு வருவது அவனுடைய பழக்கம் என்று நினைத்தோம்.

ஏழு கொப்பியிலும் இருந்தது ஒரே வருத்தம்தான். அதன் பெயர் செரிப்ரோடென்டினஸ் சாந்தோமட்டோசிஸ். சுருக்கமாக சீ.ரீ.எக்ஸ். மூளை, தசைநாண், மஞ்சள் என்ற மூன்று சொல்லைச் சேர்த்துக் கட்டிய பெயர். 1937இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த வான் போகார்ட்டும் அவருடன் வேலைசெய்தவர்களும் முதன்முதலில் எழுதி வைத்தார்கள். உங்களுக்குப் பாடம் எடுக்க எனக்குத் தகுதியில்லை. ஆனால் உங்களுக்குப் பிறகு இதை வாசிக்கப்போவது தாய் தகப்பன்மார் என்பதால், எனக்கு விளங்கின அளவில் சொல்கிறேன்.

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர்த் தாங்கி இருக்கிறது. நிறைந்ததும் உள்ளே உள்ள மிதவை எழும்பிக் குழாயை அடைக்கும். ஈரலும் அப்படித்தான். கொலஸ்ட்ரோலை எடுத்துப் பித்த அமிலம் செய்கிறது. போதுமான அளவு சேர்ந்ததும், அந்த அமிலமே மிதவையாக நின்று "இனிப் போதும்" என்கிறது. இரண்டாம் குரோமோசோமில் உள்ள ஒரு ஜீன் பழுதானால் ஒரு நொதியம் வேலை செய்யாது. கீனோடீஒக்சிகோலிக் அமிலம் என்ற அந்தப் பித்த அமிலம் தேவையான அளவு உருவாகாது. மிதவை இல்லை. ஈரல் நிறுத்தாமல் இறைத்துக்கொண்டே இருக்கும். வழிந்து ஓடுவது தண்ணீரல்ல, கொலஸ்டனோல் என்ற, கொலஸ்ட்ரோலின் ஒன்றுவிட்ட சகோதரம். அது கண்வில்லையில் படியும், குதிகால் நாணில் படியும், கடைசியில் மூளையில் படியும். அவசரமேயில்லாமல், 20, 30 வருடமாகப் படியும்.

படியும் ஒழுங்கைப் பாருங்கள். முதலில் வயிறு, குழந்தையிலேயே. பிறகு கண், பெரும்பாலானவர்களுக்குப் பள்ளிக்கூட வயதில். குதிகால் கட்டி இருபதுகளில். புத்தி மங்குவது, நடை தடுமாறுவது, சுபாவம் மாறுவது எல்லாம் அதற்குப் பிறகுதான் பெரிதாகத் தெரியவரும். மூளை டொக்டரிடம் போய்ச் சேரும்போது வண்டி கடைசித் தரிப்புக்கு வந்துவிடுகிறது. நடுவழியில் ஏறி இறங்கும் தரிப்பு உங்களுடையது.

2019இல் அமெரிக்காவில் இருந்து வந்த ஓர் ஆய்வை வாசித்தேன். காரணம் தெரியாமல் இரண்டு கண்ணிலும் சின்ன வயதிலேயே வெள்ளை விழுந்த 170 பேரைச் சோதித்ததில் 3 பேருக்கு இந்த வருத்தம் இருந்தது. நூற்றுக்கு இரண்டு பேரும் இல்லை. அது சின்னத் தொகை என்று நீங்கள் சொல்லலாம். மற்றவர்களோடு ஒப்பிட்டால் பல நூறு மடங்கு என்று அதை எழுதியவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அந்த மடங்குகூட முக்கியமில்லை. கேட்பதற்கு என்ன செலவு என்பதுதான் என் கணக்கு.

கணக்கு என்றதும் தம்பிதான் நினைவுக்கு வருகிறான்.

பள்ளிக்கூடத்தில் அவன் சுமார். சாதாரண தரத்தில் கணிதம் இரண்டாம் முறை எழுதித்தான் சரிவந்தது. ஆனால் 2009இல் செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் சேர்ந்த பிறகு, பவுண் கணக்கில் அவனை வெல்ல ஆளில்லை. பவுண் என்றால் 8 கிராம். அன்றைய விலை, செய்கூலி, சேதாரம், பழைய நகைக்குக் கழிவு என்று கல்குலேட்டர் எடுக்காமல் சொல்லுவான். முதலாளி வாடிக்கையாளருக்கு முன்னால் வேண்டுமென்றே அவனைக் கேட்பாராம், காட்டுவதற்காக.

அதே முதலாளி 2021இல் எனக்கு போன் எடுத்தார். "பிள்ளை, ஒருக்கா வந்திட்டுப் போம். தம்பியின்ட எழுத்து ஒரு மாதிரிக் கிடக்கு." போனேன். மேசை லாச்சிக்குள் இருந்து ஒரு பில்லை எடுத்து, மற்றவர்களுக்குத் தெரியாமல் என் கையில் வைத்தார். இரண்டரைப் பவுண் சங்கிலிக்கு 16 கிராம் என்று எழுதியிருந்தான். 20 வர வேண்டும். ஒரு பிழை யாருக்கும் வரும். அவன் 16 என்று எழுதி, வெட்டி, மறுபடியும் 16 என்று எழுதி, வெட்டி, மூன்றாம் முறையும் அதையே எழுதியிருந்தான். பேனையை அழுத்தி எழுதியதில் தாள் கிழிந்திருந்தது.

நான் அந்தப் பில்லை மடித்துக் கொண்டுவந்துவிட்டேன். அம்மாவிடம் காட்டவில்லை. காதல் தோல்வி ஏதாவது இருக்கும் என்றுதான் அப்போது நினைத்தேன். கோபமும் கூடியிருந்தது அவனுக்கு. சோற்றுக் கோப்பையைத் தள்ளுவான், பிறகு தானே இருந்து அழுவான்.

2022 மார்ச் கடைசியில், நாடு முழுக்கப் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் வெட்டிய நாட்களில், ஒரு இரவு அவன் வீட்டுக்கு வரவில்லை. செட்டியார் தெருவில் இருந்து ஜம்பட்டா வீதியால் ஏறினால் கொட்டாஞ்சேனை. 13 வருடம் நடந்த பாதை. ஒன்பது மணிக்குக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் வாசலில் இருந்தவனை ஒரு முச்சக்கரவண்டிக்காரர் கூட்டிவந்து விட்டார். இருட்டில வழி மாறிட்டுது அக்கா என்றான். நாங்களும் இருட்டைத்தான் சொன்னோம். இடப்பெயர்வு வயிற்றை மறைத்தது, மின்வெட்டு புத்தியை மறைத்தது. நாட்டில் ஏதாவதொன்று நடந்துகொண்டேயிருப்பதால், எங்கள் வீட்டுக்குள் நடப்பதற்கு எப்போதும் ஒரு காரணம் தயாராக இருந்தது.

குதிகால் கட்டியைச் சொல்ல மறந்துவிட்டேன். 26 வயதில் இரண்டு காலிலும், சப்பாத்து உரசும் இடத்தில், கொட்டைப்பாக்களவில் வந்தது. கொழுப்புக் கட்டி என்று ஒரு காலில் வெட்டி எடுத்தார்கள். இரத்தத்தில் கொலஸ்ட்ரோல் பார்த்தார்கள், நன்றாகவே இருந்தது. இந்த வருத்தத்தில் அது நன்றாகத்தான் இருக்கும். கொலஸ்டனோலைத் தனியாகக் கேட்டுப் பார்த்தால்தான் தெரியும். யாரும் கேட்கவில்லை.

மன வைத்தியத்துக்குப் போன இடத்தில் சோதித்தார்கள். மணிக்கூடு கீறு, மூன்று சொல்லை ஞாபகம் வை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறை. டொக்டர் சிங்களத்தில் கேட்க, பக்கத்தில் நின்றவர் தமிழில் சொன்னார். தம்பியின் சிங்களம் கடைச் சிங்களம், விலை பேசப் போதும், இதற்குப் போதாது. 93 என்றான். 86 என்றான். பிறகு நெடுநேரம் யோசித்து, "எத்தினை பவுணுக்கு?" என்று கேட்டான். மொழிபெயர்த்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைச் சிங்களத்தில் சொல்லவேயில்லை. அந்தப் பதிலில்தான் எல்லாம் இருந்தது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அவன் எண்ணை மறக்கவில்லை, அந்த எண் எதற்கு என்பதைத் தேடிக்கொண்டிருந்தான்.

கொப்பிகளைச் சேர்த்து வாசித்தவர் ஒரு நரம்பியல் டொக்டர். 2023இல், சனல் பண்ணி, அதாவது தனியாகக் காசு கட்டி நம்பர் எடுத்துப் போய், இரவு எட்டரைக்கு எங்கள் முறை வந்தது. நடக்கச் சொன்னார். சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, மீதியிருந்த கட்டியைப் பெருவிரலால் அமத்தினார். பிறகு ரோர்ச்சை எடுத்துக் கண்ணைப் பார்த்து, "சின்னனில வெள்ளை எடுத்ததோ?" என்றார். அடுத்ததாக வயிற்றைக் கேட்டார். பிறகு அம்மாவைப் பார்த்து, "நீங்களும் அவரும் சொந்தமோ?" என்றார். அம்மாவும் அப்பாவும் சொந்த மச்சானும் மச்சாளும். மூன்று கேள்வி, நாலு நிமிஷம். எம்.ஆர்.ஐ. படத்தில் சிறுமூளையில் இரண்டு பக்கமும் அவர் சொன்ன இடத்திலேயே தழும்பு. இரத்தம் வெளிநாட்டுக்குப் போய் வந்து மிச்சத்தைச் சொன்னது.

அவனுக்கு அப்போது 33 வயது. இந்த வருத்தம் உலகில் பொதுவாகக் கண்டுபிடிக்கப்படும் வயது 35 அளவில் என்று பிறகு வாசித்தேன். அந்தக் கணக்கில் நாங்கள் அதிர்ஷ்டசாலிகள்!

டொக்டர்மாரே, மருந்து இல்லாத வருத்தமாக இருந்திருந்தால் இந்த மடல் இல்லை. இருக்கிறது. இல்லாத மிதவையையே வாயால் கொடுப்பதுதான் மருந்து. கீனோடீஒக்சிகோலிக் அமிலம், பெரியவர்களுக்கு நாளைக்கு 750 மில்லிகிராம், மூன்று வேளையாக. ஈரலை அடிக்கடி சோதித்துக்கொண்டு ஆயுள் முழுக்க எடுக்க வேண்டும். இது வேலை செய்யும் என்று 1984இலேயே எழுதிவிட்டார்கள். ஐரோப்பா 2017இல் இந்த வருத்தத்துக்கு அனுமதித்தது, அமெரிக்கா 2025 பெப்ரவரியில். அதற்கு முன்பு பித்தப்பைக் கல்லைக் கரைக்கக் கொடுத்த பழைய குளிசைதான். நெதர்லாந்தில் 2008இல் 100 குளிசை 46 யூரோவுக்கு விற்றது 2017இல் 14,000 யூரோவானது. அந்த விலைக்காக 2021இல் அந்த நாட்டின் போட்டி ஆணையம் கம்பனிக்கு 19.5 மில்லியன் யூரோ தண்டம் போட்டது. ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆஸ்பத்திரி மருந்தகம் தானே செய்துகொடுக்கத் தொடங்கியது. இங்கே நாங்கள் எப்படித் தருவிக்கிறோம் என்பது உங்களுக்கல்ல, வேறு ஆட்களுக்கு எழுத வேண்டிய இன்னொரு மடல்.

ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஒரு பார்மசியில் நடந்ததால். துண்டைப் பார்த்துவிட்டு, "இது இல்லை, உர்சோ இருக்கு, அதுவும் பித்தத்துக்குத்தானே, பேரும் கிட்டத்தட்ட ஒண்டுதான்" என்று அங்கே மருந்து கொடுப்பவர் நல்ல மனதோடு எடுத்து நீட்டினார். உர்சோ என்பது உர்சோடீஒக்சிகோலிக் அமிலம், அது இந்த வருத்தத்துக்கு உதவாது. நாங்கள் தெரிந்திருந்ததால் வாங்காமல் வந்தோம். தெரியாமல் வாங்கிப்போய் மாதக்கணக்கில் குடித்து, "மருந்து குடிச்சும் சுகமில்லை" என்று இருக்கிற வீடு எங்காவது இருக்குமோ என்று நினைப்பேன்.

2024 தொடக்கத்தில் குளிசை தொடங்கினான். மூன்றாவது கிழமை அவனுக்கு வயிறு நின்றது. 33 வருடத்தில் முதல் தடவை. அம்மா நம்பவில்லை, நாலு நாள் கக்கூஸ் வாசலில் நின்று எண்ணினா. ஐந்தாம் நாள் ஆட்டிறைச்சி வாங்கச் சொன்னா. அன்றைக்கு அவன் இரண்டாம் முறை சோறு போட்டுச் சாப்பிட்டான், மிளகாய்த்தூள் கறியென்றாலே பயப்படுகிறவன். கோபம் குறைந்தது. நடை அதற்குமேல் மோசமாகவில்லை.

கணக்கு திரும்பி வரவில்லை. மூளையில் படிந்து அழித்ததை மருந்து திருப்பித் தராது, இனிப் படிவதைத்தான் தடுக்கும். 25 வயதுக்கு முன் தொடங்கியவர்களுக்கும் பிந்தித் தொடங்கியவர்களுக்கும் நிறைய வித்தியாசம் என்று இதைப் பார்த்த வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். தம்பி ஒரு கண் வைத்தியருக்கு முன்னால் இருந்தபோது அவனுக்கு 12. பன்னிரண்டுக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில் எத்தனை வருடம் என்று அவனிடம் கேட்டால் இன்றைக்குச் சொல்லத் தெரியாது. அந்தப் பழைய பில் என்னிடம்தான் இருக்கிறது.

நான் கேட்பது இவ்வளவுதான். எழுபது வயது ஆச்சிமாரிடம் இதையெல்லாம் விசாரிக்கத் தேவையில்லை. இருபது வயதுக்குக் கீழே ஒரு பிள்ளை, இரண்டு கண்ணிலும் வெள்ளை, அடிபடவில்லை, ஸ்டீரொயிட் எடுக்கவில்லை, வேறு காரணமும் பிடிபடவில்லை என்றால், வயிற்றைக் கேளுங்கள். தமிழ் வராவிட்டால் பரவாயில்லை, சிங்களத்தில் "பட யனவத?" என்று கேட்டால் கொழும்பில் எந்தத் தாய்க்கும் விளங்கும். பள்ளிக்கூடத்தில் எப்படி என்று கேளுங்கள். தாய் தகப்பன் சொந்தமா என்று கேளுங்கள், கேட்கும்போது முகத்தைச் சுளிக்காமல் கேளுங்கள். எங்கள் சனம் மச்சாளைக் கட்டினதற்காக வெட்கப்படத் தொடங்கினால் உண்மை சொல்லாது. ஆம் என்ற பதில் இரண்டு வந்தால் கொலஸ்டனோல் என்று துண்டில் எழுதிப் பிள்ளை வைத்தியரிடம் அனுப்பிவிடுங்கள். அவர்களுக்குப் பெயர் தெரியாவிட்டாலும் தேடுவார்கள். பிள்ளைக்கு இருந்தால் கூடப்பிறந்தவர்களையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. எனக்கும் தங்கச்சிக்கும் பார்த்தாயிற்று, இருவருக்கும் இல்லை. தங்கச்சி முடிவு வந்த அன்று சந்தோஷப்படாமல் தம்பிக்குப் பக்கத்தில் போய் இருந்தாள்.

போன மாதம் அவனைக் கண் சோதிக்கக் கூட்டிப் போனேன். வாங்கில் எங்களுக்கு எதிரே பத்து வயதளவில் ஒரு பெண்பிள்ளை, தாயோடு. மெலிந்த பிள்ளை. கண்மணிக்குள் வெள்ளை தூரத்திலிருந்தே தெரிந்தது. நாங்கள் இருந்த ஒரு மணித்தியாலத்துக்குள் தாய் அந்தப் பிள்ளையை மூன்று தரம் கக்கூஸுக்குக் கூட்டிக்கொண்டு போனா. மூன்றாம் தரம் நம்பர் தவறிவிடும் என்று பயந்து, துண்டை என்னிடம் தந்துவிட்டுப் போனா. காலையில் தண்ணீரைக் கூடுதலாகக் குடித்திருக்கும். பயமாக இருந்திருக்கும். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். திரும்பி வந்து துண்டை வாங்கும்போது, "நல்லாப் பார்ப்பினமோ இங்கை?" என்று கேட்டா. நல்லாப் பார்ப்பினம் என்றேன். மற்றக் கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. முன்பின் தெரியாத ஒரு தாயிடம், கண் காட்ட வந்த இடத்தில், அதை எப்படித் தொடங்குவது? யோசித்து முடிப்பதற்குள் நம்பரைக் கூப்பிட்டார்கள். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனா. கதவு சாத்தினது.

அந்த அறைக்குள் இருந்தது உங்களில் ஒருவர்.

இப்படிக்கு,
ஒரு அக்கா,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13